புதுநன்மை விருந்தும் பச்சை மேகமும்

இடிமேகங்களை ரேடாரில் பார்த்து, எது சும்மா மிரட்டிவிட்டுப் போகும், எது பேய்க்காற்றாக இறங்கும், எது சுழலத் தொடங்கும் என்று ஆராய்வது என் வேலை. டொர்னாடோ என்கிற அந்தச் சுழல்காற்று நம் பக்கம் அபூர்வம் என்பதால், பெரும்பாலும் வராத ஒன்றுக்காகக் காத்திருக்கும் உத்தியோகம். பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதற்குத் தனி மரியாதை உண்டு. மாடியில் துணி காயப் போட்டவர்கள் என்னைக் கேட்பார்கள். மழை வராது என்று நான் சொன்னால், உடனே ஓடிப்போய் எடுத்துவிடுவார்கள்.

எதிர்வீட்டு அக்காவின் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். காலையில் கோயிலில் பூசை, மாலையில் எங்கள் மொட்டைமாடியில் நூறு பேருக்குப் பிரியாணி. கீழே, கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் இடத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று நான் முதல் நாளே சொன்னேன். அத்தனை காரையும் யார் வெளியே எடுப்பது என்று குடியிருப்புச் செயலாளர் சீறினார்.

"நாளைக்கு ரேடாரப் பாத்து நீயே சொல்லும்மா. உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்றார் அக்கா. அந்தக் குடியிருப்பில் அதுவரை என்னை நம்பியவர் எவருமில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் மாலை நாலரை மணிக்கு மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அந்த மூன்று நிமிடத்தில் என் கணவர், கணினித் துறையில் பெரிய பொறுப்பில் இருப்பவர், திரையைப் படம் பிடித்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: "மேற்கே எல்லாமே பச்சை. தைரியமா மாடியிலயே நடத்துங்க."

அது மழையைக் காட்டும் படம் அல்ல, காற்றைக் காட்டும் படம். அதில் சிவப்பு என்றால் ரேடாரை விட்டு விலகிப் போகிறது, பச்சை என்றால் ரேடாரை நோக்கி வருகிறது. ரேடார் கிழக்கே, நகரத்தில். பச்சை மேற்கே. நடுவில் நாங்களும் பிரியாணியும்.

மாடிக்கு ஓடினேன். "எல்லாத்தையும் கீழ எறக்குங்க, அரை மணி நேரத்துல பேய்க்காத்து வரும்!"

அண்ணனூரிலிருந்து வந்திருந்த பந்தல்காரர் தன் செல்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இன்னா மேடம், சாரு பச்சைன்னு போட்டுக்கீறாரு. நீங்க இன்னாடான்னா எறக்கு எறக்குன்றீங்க."

அலை, எதிரொலி, அதிர்வெண் மாற்றம் என்று ஆரம்பித்தேன். செயலாளர் கொட்டாவி விட்டார். ஆத்திரத்தில் கத்திவிட்டேன்: "அண்ணே, உங்க ஊர் ரயில் லைன்ல பச்சை சிக்னல் விழுந்தா தண்டவாளத்துல போய் நிப்பீங்களா?"

"அது எப்டி மேடம்? வண்டி வந்துகினு கீதுன்னு அர்த்தம்."

"இதுவும் அதேதான்!"

"அத்த மொதல்லயே சொல்றதில்ல?" என்றவர், ஆட்களை அழைத்து அண்டாவில் கைவைத்தார். செயலாளர்தான் முதலில் தன் காரை வெளியே எடுத்தார். அண்டா இடித்துவிடுமோ என்ற பயம்.

கீழே பந்தி தொடங்கியது. காற்று வரவில்லை. ஒரே புழுக்கம். நூறு பேரும் வியர்த்து வழிந்தபடி என்னைப் பார்த்தார்கள். அக்கா என் பக்கமே திரும்பவில்லை, அதுதான் வலித்தது. மாதாவே, இந்த ஒரு மேகத்தை மட்டும் எப்படியாவது வரவழைத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். படித்த படிப்பை நினைத்து வெட்கமாகத்தான் இருந்தது.

வந்தது. முதலில் புழுதி, பிறகு மாடியில் தடதடவென்று ஏதோ சரியும் சத்தம், பிறகு மழை. விட்டதும் ஏறிப் பார்த்தோம். பந்தலின் இரும்புக் குழாய்கள் மொத்தமாகச் சாய்ந்து, புதுநன்மைப் பெண்ணுக்காக அலங்கரித்திருந்த நாற்காலியின் மேல் கிடந்தன. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே வந்ததும் என்னை உட்கார வைத்து, இலையில் அவரே பிரியாணியை அள்ளி அள்ளி வைத்தார். போதும் என்றாலும் நிறுத்தவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"காரம் ஜாஸ்தியா?" என்று கேட்டார் பக்கத்து இலையிலிருந்த என் கணவர்.

ஆமாம் என்றேன்.