சிரங்குக்கு வாங்கிய மருந்து

என்னைக் கேட்டால், சிரங்கையும் பேனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தப்பு. சிரங்கு ஆளைப் பிரிக்கும். பேன் ஆளைச் சேர்க்கும். அறுபதுகளில் தாராவிக்குப் புதுப்பெண்ணாக வந்த ஒரே வருடத்தில் இரண்டையும் அனுபவித்தவள் சொல்கிறேன்.

எங்கள் சந்தில் மத்தியானம் வேலை ஓய்ந்ததும் பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். ஊர்க்கதை, புருஷன் கதை எல்லாம் அங்கேதான். பம்பாயில் எனக்குப் பேச்சுத்துணை வேறு கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவின் முழங்காலுக்கு முன்னால் எனக்கு ஓர் இடம் இருந்தது. விரலிடுக்கில் சிரங்கு வந்ததும் அந்த இடம் போயிற்று. யாரும் திட்டவில்லை, நகர்ந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் போய் அழுதேன்.

பக்கத்திலிருந்த சயானில் ஒரு டாக்டரிடம் போனோம். கம்பவுண்டர் ஒரு புட்டி வெள்ளை மருந்து தந்தார். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, வீட்டில் எல்லாரும், ஒரே நாளில் பூச வேண்டும். துணிகளை வெந்நீரில் போட வேண்டும். தோல் பட்டறையில் வேலை பார்த்த என் கணவர், முதுகைக் கதவில் தேய்த்துக்கொண்டே, தனக்கு அரிப்பே இல்லை என்று சாதித்தார். பூசி முடித்து இருவரும் வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றோம். சொறிந்த இடமெல்லாம் மிளகாய் அரைத்து அப்பியதுபோல எரிந்தது. கந்தகக் களிம்பு இவ்வளவு எரியாது, ஆனால் நாறும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். பட்டறையிலேயே கிடக்கிற தனக்கு நாற்றம் ஒரு பொருட்டா, அதையே வாங்கியிருக்கலாமே என்று என் கணவர் குதித்தார்.

சிரங்கு போனது. அக்கா என் விரல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இடம் விட்டாள்.

புட்டியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. இதே மருந்து பேனுக்கும் ஆகும் என்று கம்பவுண்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வீணாக்குவானேன்? கண்ணில் படாமல் தலையில் தேய்த்துத் துணி கட்டிக்கொண்டேன். மறுநாள் அலசி, ஈர் போக மூன்று தடவை பேன்சீப்பால் வாரினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்புறம்தான் உறைத்தது. இனி எதைச் சாக்கிட்டு அந்த வரிசையில் உட்காருவேன்? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

மத்தியானம் ஒன்றும் தெரியாதவள்போலப் போய் உட்கார்ந்தேன். அக்கா உச்சியைப் பிரித்தாள், பிடரியைப் பிரித்தாள், காதோரம் பார்த்தாள். விரல் நின்றது. எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

இரண்டு நகங்களைச் சேர்த்து நெரிக்கும் சத்தம் கேட்டது.

“ஒண்ணு கெடக்குட்டி,” என்றாள். “இன்னுங் கெடக்கும். ஆடாம இரி.”

நான் ஆடவில்லை.