கைராசி

கால் டாலர் நாணயங்களைக் கை நிறைய வைத்திருந்துவிட்டு அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனால் ஒரு வாசனை வரும். எனக்கு இன்றும் அதுதான் சனிக்கிழமை மதியத்தின் வாசனை. இரும்பும் வியர்வையும் துணி சோப்பும் கலந்த வாசனை அது. அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் இருந்த துணி துவைக்கும் இயந்திரங்கள் கால் டாலரைத் தவிர வேறெதையும் ஏற்காது. அதனால் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே கால் டாலர்களைச் சேர்த்து வைத்தன, சேர்த்ததை வைத்துச் சனிக்கிழமைகளில் ரம்மி ஆடின. ஜெயித்தவர் வீட்டுத் துணி அந்த வாரம் வெளுக்கும். பெரும்பாலும் எங்கள் வீட்டுத் துணிதான் வெளுத்தது, ஏனென்றால் பெரும்பாலும் ஜெயித்தது அம்மாதான்.

அம்மா திருச்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவள். எனக்கு எட்டு வயதானபோது அப்பாவின் விசாவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் இங்கே வந்து சேர்ந்தோம். அந்தத் தொங்கலுக்கு ‘ஹெச்-ஃபோர்’ என்று பெயர். அதில் வந்த மனைவி இந்த நாட்டில் சமைக்கலாம், சாப்பிடலாம், பிள்ளையைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. காலையில் அப்பா காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால், வாசலில் இரையும் ரூட் 46 நெடுஞ்சாலையில் நடைபாதைகூடக் கிடையாது என்பதால், அம்மாவின் உலகம் இரண்டாம் மாடியும் பார்க்கிங் லாட்டும்தான். அவள் அந்தப் பார்க்கிங் லாட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். ஒரு மாதத்தில் அங்கே நிற்கும் அத்தனை கார்களின் நம்பரும், எது யாருடையது, எது எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன. கணக்குப் பண்ணியே பழகிய மூளைக்கு வேறு என்ன தீனி இருந்தது? வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு கட்டுச் சீட்டு.

ஆனால் அம்மா ஜெயிப்பதற்குக் காரணம் அவள் மூளை என்று அந்த மேஜையில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் நான்தான் என்று தீர்ப்பாகியிருந்தது. ஒருநாள் விளையாட்டாக என்னைச் சீட்டுக்கட்டை வெட்டச் சொன்னார்கள். அன்று அம்மா வரிசையாக நாலு ஆட்டம் அடித்தாள். அதிலிருந்து எனக்குக் ‘கைராசிக்காரி’ என்று பெயர். எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்தவரும் அப்பாவின் ஆபீஸ் நண்பருமான மனோகர் அங்கிள்தான் அதைச் சூட்டினார். அவர் ஜெயித்தால் ‘பிரெய்ன்’ என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவார், அம்மா ஜெயித்தால் என் தலையில் தட்டுவார். ஞானஸ்நானம் வாங்கின வீட்டில் கைராசி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அம்மா சிரிப்பாளே தவிர, மறுத்துச் சொன்னதில்லை. எனக்கோ பெருமை தாங்காது. பள்ளியில் வாயைத் திறந்தால் என் உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்த காலத்தில், பெரியவர்கள் ஆறு பேர் என் கைக்காகக் காத்திருந்தார்கள் என்றால் சும்மாவா?

எனக்குப் பத்து வயதானபோது, பக்கத்து ஊர் மருந்துக் கம்பெனி ஒன்று அம்மாவை இண்டர்வியூ பண்ணிவிட்டு, வந்து சேருங்கள் என்றது. மருந்துப் பரிசோதனைகளின் எண்களைப் படித்துச் சொல்லும் வேலை. திருச்சியில் கல்லூரிக்குக் கட்டிய பருத்திப் புடவை ஒன்றை அம்மா அன்று எடுத்து இஸ்திரி போட்டு மறுபடி மடித்து வைத்தது ஞாபகமிருக்கிறது. ஆனால் வேலைக்கு வேண்டிய விசாவுக்கு ஆட்கள் அதிகம், இடம் குறைவு என்பதால், அரசாங்கமே குலுக்கல் போட்டுத்தான் ஆளை எடுக்கும். எங்கள் வீட்டில் விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை சீட்டைத் தொடக் கூடாது என்பது சட்டம். நாங்கள் சீட்டைக் கட்டி அலமாரியில் வைக்கும் அந்தத் தவக்காலத்தை ஒட்டித்தான் அரசாங்கம் தன் சீட்டைக் குலுக்கியது.

மார்க் ஷீட்டும் சான்றிதழும் அடங்கிய கனத்த கவரை வக்கீலுக்கு அனுப்ப வேண்டிய நாளில், அப்பா என்னைப் பள்ளியிலிருந்து சீக்கிரமே கூட்டிவந்து தபால் ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். ‘உன் கையால குடு பாப்பா’ என்றார். எதற்கும் கிண்டல் பேசுகிற மனிதர் அன்று கிண்டலாகச் சொல்லவில்லை. அவரும் ஒரு வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தவர்தான்; கிரீன் கார்டுக்கு மனுப் போட்ட கம்பெனியை விட்டு நகரமுடியாமல், மேனேஜர் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு ஓட்டியவர். அப்படிப்பட்டவருக்குப் பத்து வயதுப் பெண்ணின் கைகூட ஒரு பிடிமானமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நான் எம்பிக் கவுண்டரில் கவரை வைத்தேன்.

கோடையில் கவர் திரும்பி வந்தது. குலுக்கலில் பெயர் விழவில்லை. கம்பெனி நல்ல மனதோடு அடுத்த வருஷமும் முயல்வோம் என்றது. அந்த இரண்டாம் வருஷம் நான் தபால் ஆபீஸுக்குப் போகும் முன் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன், வழியெல்லாம் எதையும் தொடாமல் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கவரும் திரும்பி வந்தது.

தெரிந்தவர்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொன்ன விதம்தான் அதிசயம். ‘நல்ல லாயரா பாத்திருக்கலாமே’, ‘இங்க ஒரு மாஸ்டர்ஸ் பண்ணியிருக்கலாமே’, ‘ப்ராப்பரா ப்ரிப்பேர் பண்ணலையோ?’ குலுக்கலுக்கு எப்படித் தயாராவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டுப் பார்க்கிங் லாட்டுக்கு நடக்கப் போய்விடுவாள்.

இரண்டாம் கவர் வந்த வாரச் சனிக்கிழமை மதியமும் ஆட்டம் நடந்தது. எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆனால் வெட்டுவதற்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் கட்டின் மேல் கையை வைத்தபோது மனோகர் அங்கிள், ‘ஏம்மா ஜெனி, உங்க அம்மா ஃபைலுக்கு மட்டும் உன் கைராசி ஒர்க் ஆக மாட்டேங்குதே?’ என்றார். கெட்ட எண்ணமில்லை, எல்லாரையும் சிரிக்கவைக்க நினைத்தார். இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். நான் வெட்டிவிட்டு அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். அம்மா அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.

ரம்மி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஜோக்கர் சேர்க்காமல் அசல் சீட்டுகளாலேயே, ஒரே சின்னத்தில் வரிசையாக ஒரு தொகுதி சேர்க்கவேண்டும். அதற்கு ‘லைஃப்’ என்று பெயர். அந்த லைஃப் இல்லாவிட்டால் கையில் எத்தனை ஜோக்கர் இருந்தும் பயனில்லை. ஆட்டம் பாதியைத் தாண்டியபோது, அம்மா தன் சீட்டுகளை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு மனோகர் அங்கிளைப் பார்த்தாள்.

‘அண்ணா, நீங்க கிளாவர் எட்டு எடுத்தீங்க, அப்புறம் பத்து எடுத்தீங்க. லைஃப் சேர ஒன்பதுக்காக உக்காந்திருக்கீங்க. ரெண்டு கட்டுலயும் சேத்து ரெண்டே கிளாவர் ஒன்பதுதான். ஒண்ணு முதல் ரவுண்டுலயே இவர் போட்டுட்டார், இன்னொண்ணு என் கையில இருக்கு. அது உங்களுக்கு வராது.’

அம்மா அடுத்தவர் பக்கம் திரும்பி அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று சொன்னாள், அதற்கடுத்தவருக்கும் சொன்னாள். அப்பாவுக்கும் சொன்னாள். குரல் உயரவே இல்லை. வகுப்பில் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மறுபடி மனோகர் அங்கிளிடம் திரும்பினாள்.

‘நான் இதுல ஜெயிச்சா குழந்தையோட ராசின்றீங்க. லாட்டரில பேர் வரலன்னா நான் சரியா ப்ரிப்பேர் பண்ணலன்றீங்க. ரெண்டையும் மாத்திப் பிடிச்சிருக்கீங்கண்ணா. இனிமே என் பொண்ணைக் கட்டு வெட்டக் கூப்பிடாதீங்க.’

அங்கிள் தன் சீட்டுகளை மல்லாத்திப் போட்டார். கிளாவர் எட்டும் பத்தும் இருந்தன. அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

படத்தில் வருவதுபோல அதன் பிறகு எல்லாரும் அம்மாவை மதித்தார்கள் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. ‘சிஸ்டர்கூட ஆடவே பயமா இருக்கு’ என்று ஆரம்பித்து, ஆட்டம் மெல்ல வேறு வீட்டுக்கு நகர்ந்தது. அப்பா மட்டும் போய்வருவார், பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். என் ஒரு கையைக் காப்பாற்றப் போய், வாரத்தில் ஒரே ஒரு மதியம் திறந்த கதவையும் அம்மா தானே சாத்திக்கொண்டாள். துணி துவைக்கக் கால் டாலருக்கு அவள் பாங்கில் நின்றபோது எனக்கு அவமானமாக இருந்தது.

மூன்றாம் வருஷம் தபால் ஆபீஸுக்கு வரமாட்டேன் என்று நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. அம்மா நான் இல்லாமலே போய்க் கவரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கோடையில் அதுவும் திரும்பி வந்தது. கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது. அம்மா சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்று வெகுநேரம் ஒரே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்தபடி நின்ற எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, நிம்மதி. நான் தொடாத கவரும் திரும்பி வந்துவிட்டது, ஆகவே குற்றம் என் கையில் இல்லை. பெற்ற தாயின் வாழ்க்கை கைவிட்டுப் போன நாளில் ஒரு பெண் இப்படி நிம்மதிப்பட்டாள் என்பதை எழுத இன்றும் கூசுகிறது.

பிறகு சட்டம் மாறி அம்மா மாதிரியானவர்களுக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அதற்குள் அவள் வேலையை விட்டு இத்தனை வருஷமாயிற்றே என்று எல்லாக் கம்பெனியும் கைவிரித்தது. இப்போது ஐசலினில் நகைக்கடைக்கு மாடியில் இருக்கும் டியூஷன் சென்டரில், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லித்தருகிறாள். அப்பா இன்னும் அதே கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார். எனக்கு இருபத்தொரு வயது ஆனதும், இனி பிள்ளைக் கணக்கில் வராது என்று, அந்த வரிசையிலிருந்து என் பெயர் தானாக உதிர்ந்துவிட்டது. மாணவி விசாவில் படித்து முடித்து, இந்த வருஷம் நானே அம்மா நின்ற அதே குலுக்கலில் நின்றேன். இப்போது கவர் இல்லை, தபால் ஆபீஸ் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில். முதல் தடவையிலேயே என் பெயர் விழுந்தது.

மனோகர் அங்கிள் டெக்ஸாஸிலிருந்து போன் பண்ணி, ‘உன் டேலண்டுக்கு கிடைக்காம போகுமா?’ என்றார். ஆபீஸிலும் அதையேதான் சொன்னார்கள். நான் எல்லாருக்கும் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அந்தச் சனிக்கிழமை பார்சிப்பனிக்குப் போனேன். கீழ்த்தளத்து இயந்திரங்கள் இப்போது போனிலிருந்தே காசை எடுத்துக்கொள்கின்றன. ஆடிய குடும்பங்கள் ஆளுக்கொரு மாநிலத்தில் இருக்கின்றன. ரம்மியை அவரவர் போனில் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறார்கள், அதில் கட்டை வெட்ட யாரும் தேவையில்லை. அம்மா டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், அந்தப் பழைய பருத்திப் புடவையில். என்ன நினைத்தேனோ, மூன்றாம் கவர் திரும்பி வந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். ‘எனக்கும் முதல்ல நிம்மதிதான் வந்துச்சு. நீ தொடாத அந்தத் தடவை மட்டும் கிடைச்சிருந்தா, நீ தொட்டதாலதான் முன்னாடி ரெண்டும் போச்சுன்னு ஆயுசுக்கும் நம்பியிருப்ப.’

பிறகு நேரமாகிறது என்று, என்னைக் காரை எடுக்கச் சொன்னாள்.