ஒரு ஹெல்மெட், இரண்டு தலை

அரசு வேலையில் இருந்த காலம் முழுக்க, விடுமுறை நாட்களில் அந்தமானில் அம்பயராக நின்றிருக்கிறேன். தேர்வெழுதித் தேறியவன். சட்டப் புத்தகத்தில் எந்த விதி எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒருவருடைய இடது கண் போனதில் அந்த ஞானத்துக்கும் பங்குண்டு. புதிதாக அம்பயர் ஆகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ரங்கத் மைதானம், தரையில் கயிற்று விரிப்பு போட்ட மேட் விக்கெட். பஜார் கடைக்காரர்கள் அணிக்கும் கராச்சர்மா ஊர் அணிக்கும் ஆட்டம். பஜார் அணியிடம் இருந்தது ஒரே ஹெல்மெட். பந்தை எதிர்கொள்பவர் போட்டுக்கொள்வார். ஒரு ரன் ஓடினால் கைமாற்றிக்கொள்வார்கள். தீவில் பல அணிகள் அப்படித்தான்.

கடைசி ஜோடி. வெற்றிக்கு நான்கு ரன் வேண்டும். பதினோராவது ஆளான பாத்திரக்கடை கனி பாய், ஒரு ரன் ஓடி ஸ்ட்ரைக்குக்கு வந்தார். ஹெல்மெட் மறுமுனைக்காரர் தலையில். அதன் வார் சிக்கிக்கொண்டது.

"கழட்டுப்பா சீக்கிரம். என்ன, மாப்பிள்ளைத் தலைப்பாவா கட்டியிருக்கே?" என்று கனி பாய் சிரித்தார்.

கராச்சர்மா கேப்டன் என்னிடம் ஓடிவந்தார். "அரே சாப், ஒவ்வொரு ரன்னுக்கும் இதே டிராமா. டைம் வேஸ்ட் பண்றாங்க. ரூல் இருக்கா, இல்லையா?"

இருந்தது. பேட்ஸ்மேன் நேரத்தை வீணாக்கினால் முதலில் எச்சரிக்கை. மறுபடியும் செய்தால் எதிரணிக்கு ஐந்து ரன். எச்சரித்தேன். கனி பாயின் சிரிப்பு நின்றது.

"சரி சார், தலை நம்மளுதுதானே" என்று வெறுந்தலையோடு போய் நின்றார்.

பந்து வீசவேண்டிய செல்வம் தயங்கினான். "சார், அவர் போட்டுக்கட்டும். நான் நிக்கிறேன்."

"உன்னை யாருடா கேட்டா? ஷார்ட்டா குத்து" என்றார் கேப்டன்.

நான் "ப்ளே" என்றேன்.

செல்வம் கேப்டன் சொன்னபடியே குத்தினான். பந்து விரிப்பில் பட்டு எகிறியது. கனி பாய்க்குக் குனியத் தெரியவில்லை. முகத்தை மட்டும் திருப்பினார். முதலில் ஓடியவன் செல்வம்தான். தன் சட்டையைக் கழற்றி அவர் கண்ணில் அழுத்திப் பிடித்தபடியே ஜீப்பில் ஏறினான். நான் ஆட்டத்தை நிறுத்தி அறிக்கை எழுதினேன். அதில் ஒரு பிழை கிடையாது.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கனி பாய் ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பந்துக்கு நோ-பால் குடுத்தீங்களா சார்?"

கொடுக்கவில்லை. ஷார்ட் பந்து ஆபத்தானது என்றால் நோ-பால்; அதை முடிவுசெய்ய, எதிரே நிற்பவரின் திறமையையும் பார்க்கச் சொல்கிறது அதே புத்தகம். அந்தப் பக்கமும் எனக்கு மனப்பாடம்தான். அன்று நினைவுக்கு வந்தது, கேப்டன் கேட்ட பக்கம் மட்டும்.

ஹெல்மெட் மாறும்வரை "ப்ளே" சொல்லாதீர்கள். கேப்டன் புகார் கொடுத்தால் பதில் எழுதிக்கொள்ளலாம். போன கண்ணை எழுதி வாங்க முடியாது.