மூடாத கேனும் ஒரு மா சோளமும்

சோளத்துக்காக வாதாட ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். வரிச்சிக்குடியில் எங்களுக்கு ஓர் ஏக்கர், அதாவது மூன்று மா நிலம். பயிர் வைப்பது அண்ணன். நான் காரைக்காலில் அலுவலக வேலை பார்ப்பவள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். வயலில் தண்ணீர் நின்றதால் இந்த வருடம் உளுந்து தெளிக்க முடியவில்லை. நெல் அறுவடைக்குப் பின் நிலம் சும்மா கிடந்தது. மக்காச்சோளம் போடுங்கள் என்று அண்ணனை நச்சரித்தேன்.

கோழித் தீவனத்துக்கு வாங்குகிறவர் சொன்னதுதான் விலை என்ற நிலை மாறி, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் இப்போது சோளம் கேட்கிறார்கள். வாங்க இரண்டு பேர் நின்றால் விற்பவனுக்கு முதுகு கொஞ்சம் நிமிரும். கப்பலில் வரும் எண்ணெயில் ஒரு பங்கு நம் வயலில் விளையட்டுமே. சோறு விளையும் மண்ணில் வண்டிக்குத் தீனியா என்பார்கள். நெல்லை எடுத்துவிட்டுப் போடச் சொல்லவில்லை. சும்மா கிடக்கும் மாதங்களில் போடத்தான் சொல்கிறேன். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதையும் நான் மறைத்ததில்லை.

அண்ணன் பாதி இறங்கி வந்திருந்த நேரத்தில் அவர் பைக் திருவேட்டக்குடி சாலையில் நின்றுவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார். மெக்கானிக் டாங்கிலிருந்து இறக்கியதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினார். அடியில் தனியாக ஓர் அடுக்கு. தண்ணீர் புகுந்ததால் எத்தனால் அதோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது என்றார்.

அண்ணன் அந்த பாட்டிலை என் முன்னால் வைத்தார். "இதுக்குத்தான் சோளம் போடச் சொன்னியா?"

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கத்தைவிட எங்கள் ஊரில் பெட்ரோல் விலை குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்ட தங்கை வரும்போது கொடுத்தனுப்ப ஒரு கேன் நிரப்பி வைப்பது எங்கள் வீட்டுச் சீர்வரிசை. இந்த முறை அவள் வரவில்லை. அண்ணன் அதைத் தன் பைக்கில் ஊற்றிக்கொண்டார். அதற்கு முந்தின வாரம் என் ஸ்கூட்டருக்கு அதில் கொஞ்சம் எடுத்துவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று மூடியைத் திருகாமல் மேலே வைத்துவிட்டு ஓடினேன். கேன் இருந்த மாட்டுக்கொட்டகைத் தகரத்தில் ஓட்டை. அன்று பார்த்து நல்ல மழை.

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஊரோடு வாதாடுகிறவள், செய்யாத குற்றத்தைச் சோளம் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஐந்தாம் நாள் சாப்பிடும்போது அண்ணன், "நாளைக்கு ஆட்டுக்கிடை போட வராங்க. வயல விட்டுட்டேன்" என்றார். எருவுக்காக ஆட்டு மந்தையை வயலில் அடைத்துவிட்டால் சோளம் அவ்வளவுதான்.

"அண்ணே, எத்தனால் மேல தப்பில்லங்க. கேன் மூடிய நான்தான் திருகாம விட்டேன்."

"நாலு நாளா தெரியுமா?"

"தெரியும்."

"வண்டி நின்னதுகூடப் பெருசில்ல. வெயில்ல தள்ளிட்டு வந்தவனுக்கு நாலு நாளா ஒண்ணும் தெரியாத மாதிரி சோறு போட்டிருக்க பாரு." கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சொன்னார்: "ஒரு மாவுல சோளம் போடுறேன். மிச்சத்துல கிடை. தண்ணி நீதான் பாய்ச்சணும். மடைய அடைச்சியான்னு நான் வந்து பார்ப்பேன்."

அதுவரை நான் மண்வெட்டி பிடித்ததில்லை. இப்போது சோளம் இடுப்புயரம் வந்துவிட்டது. தண்ணீர் பாய்ச்சி மடையை அடைத்தபின் நான் வீட்டுக்குப் போவதில்லை, வரப்பிலேயே நிற்கிறேன். அண்ணன் வந்து, அடைத்த மண்ணைக் காலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்.