தம்பி பேரில் பத்திரமாக

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கேஸ் தீராத ஃபிரிட்ஜைப் பார்த்து, தீர்ந்துவிட்டது என்று ஒரு வாடிக்கையாளரிடமும் சொல்லத் தெரியாத மனுஷன். ஒரு குளிர்பதனக் கிடங்கு வேலையை எடுத்து, உதிரி பாகங்களைக் கடனில் வாங்கிப் போட்டார். கிடங்குக்காரன் கம்பி நீட்டிவிட்டான். கடைசியில் கோர்ட்டில் திவால் மனு கொடுத்து, வீட்டையும் விற்கும்படி ஆயிற்று.

வக்கீலம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். வீடு விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடன்காரர்கள் தொட முடியாது. ஆனால் அது இவர் பேரில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் அதில் வேறு வீடு வாங்க வேண்டும், யாருக்கும் கைமாற்றக் கூடாது. ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு வீட்டை நான் பார்த்தே வைத்துவிட்டேன்.

கொழுந்தன் வந்து இவர் மனதைக் கலைத்தான். கோர்ட் இன்று ஒன்று சொல்லும், நாளை ஒன்று சொல்லும். தன் பேரில் போட்டால் எவனும் கேட்க மாட்டான் என்றான். இவர் எனக்குத் தெரியாமல் மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? யாராவது கேட்டால் காட்டுவதற்கென்று, தம்பியிடம் வாங்கிய பழைய கடனைத் திருப்பித் தந்ததாகத் தன் கையாலேயே எழுதியும் கொடுத்தார். வாங்காத கடனுக்கு!

ஐந்தாம் மாதம் வீட்டை முடிக்கலாம் என்று நான் நெருக்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இருவருமாகப் பணம் கேட்கப் போனோம். கொழுந்தன் அந்தத் தாளை எடுத்து வைத்தான்.

"வாங்கினத திருப்பிக் குடுத்துட்டேன்னு நீயே எழுதியிருக்கியே, அண்ணே."

நகல் ஒன்றையும் கையில் கொடுத்தனுப்பினான். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மனுப் போட்டால் அவனிடமிருந்து பணத்தைப் பிடுங்கலாம், ஆனால் கைமாற்றிவிட்டதால் அது இனிக் கடன்காரர்களுக்குத்தான் போகும். பொய் எழுதியதற்கு இவரும் பதில் சொல்ல வேண்டும் என்றார். நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம் என்று கணக்குப் போட்டுத்தான் அவன் அதை எழுதி வாங்கியிருக்கிறான்.

நேற்று எங்கள் வாடகை அறையில் இவர் டூல்ஸ் பையை எடுத்தார். எங்கே என்றேன்.

"தம்பி புது வீட்டுல ஃபிரிட்ஜ் கூலிங் ஆகலையாம். பால் கெட்டுடும்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழுந்தன் செய்ததுகூட இப்படி வலிக்கவில்லை. கட்டினவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டைத் தொலைத்தவருக்கு, அவன் வீட்டுப் பால் கெடுவது பொறுக்கவில்லை.

இவர் தெருமுனை திரும்பியதும் நகலை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன். மனுவை எழுதச் சொன்னேன். வீட்டுக்காரரும் மாட்டுவார், எனக்கும் ஒரு காசு வராது என்று மறுபடி எச்சரித்தார்.

"உதிரி பாகம் குடுத்தவங்களுக்குப் போகட்டும்மா. அவங்க மட்டுந்தான் எங்கள ஏமாத்தல."