தண்ணீர்மேல் ஒரு துரு ஏடு

அகலமான, ஆழமில்லாத கண்ணாடித் தட்டு. விளிம்புவரை தண்ணீர். அதன்மேல் என் மதினி குனிந்திருக்கிறாள். கண்ணை மூடினால் இன்றும் அவள் அப்படித்தான் வருகிறாள். கல்யாணப் புடவையில் வருவதில்லை. அவள் கையிலுள்ள சொட்டுக்குழாயிலிருந்து, பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் ஒரு சொட்டு விழும். விழுந்தது விரியும், விரிந்தது உலரும், உலர்ந்தபின் தண்ணீர்மேல் ஒரு மங்கல் மிஞ்சும். அந்த மங்கலுக்காகத்தான் நாங்கள் இருவரும் மூச்சை அடக்கி நிற்போம்.

தமிழ் படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தவள் நான். ஆய்வு செய்ய, ஆளரவமில்லாத கல்லூரி ஆய்வகத்துக்கு மருமகளைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. துணைக்கு நான். சின்னமனூரில் பஸ் ஏறினால் தேனிவரை இருவரும் ஓயாமல் பேசுவோம். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அவள் வேறொருத்தி ஆகிவிடுவாள்.

"என்ன மதினி இது?" என்று முதல் நாள் கேட்டேன்.

"துருதான்டி. கண்ணுக்கே தெரியாத பொடி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடாம ஒவ்வொண்ணும் கொழுப்புச் சட்டை போட்டிருக்கு. தண்ணிமேல நெருங்கி நின்னா பாலேடு மாதிரி ஆகும். எடுத்துச் சூடு பண்ணுனா சட்டை எரிஞ்சிரும், எல்லாம் கைகோத்துக்கிடும். அப்புறம் அடியில தாங்க ஒண்ணும் வேண்டாம். தானா நிக்கும்."

நிற்கத்தான் இல்லை. சல்லடைபோல் துளையிட்ட செம்பு வலையில் ஏட்டை ஏந்தி எடுத்து, சூடாக்கி, வெளியூரில் இருந்த பெரிய நுண்ணோக்கிக்கு அனுப்புவாள். வரும் படங்களில் செல்லரித்த சேலைபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். பொடிகள் போதுமான அளவு நெருங்கவில்லை. ஆடிக்காற்றில் தண்ணீர் நடுங்குகிறது என்று ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்தாள். ஒரு துளி எண்ணெய் பட்டாலும் தண்ணீர் கெட்டுவிடும் என்று தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டாள்.

அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "துருவ மிதக்கவிடுறதுக்குச் சுமங்கலி தலை பரட்டையாக் கெடக்கணுமாக்கும்! பாக்குறவுக என்னையத்தான் ஏசுவாக."

அண்ணனுக்கு மேகமலை எஸ்டேட்டில் வேலை கிடைத்திருந்தது. ஆடி முடிந்ததும் குடும்பத்தோடு மேலே போகவேண்டும். அதற்குள் ஏடு கிழியாமல் நின்றால் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று மதினியை அழைத்துக்கொள்ளும். அண்ணனும் கூடப் போவதாகச் சொல்லியிருந்தான். நிற்காவிட்டால் ஏலக்காய்க் காடு, ஆய்வுக்கு முழுக்கு. ஏடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிற்காவிட்டால்தான் என்ன, மேகமலைக்கு ஒரே பஸ்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே மனசு.

ஆடி மூன்றாவது வெள்ளிக்கிழமை அம்மா அவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். "வேணாம் அத்தை, இன்னைக்கு மட்டும் வேணாம்." "உக்காரு ஆத்தா. வெள்ளியும் அதுவுமா நல்லெண்ணெ வைக்காம வாசப்படி தாண்டக் கூடாது." உச்சந்தலையில் கையளவு எண்ணெய் இறங்கியது. அலசி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. வழியெல்லாம் மதினி முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஆய்வகத்தில் சொட்டு விழுந்து பரவியது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். அந்தக் கையாலேயே தட்டை நேராக்கினாள். விரல்நுனி தண்ணீரைத் தொட்டுவிட்டது.

"போச்சுடி! உங்கம்மா கெடுத்துட்டாக!" என்று அழுதேவிட்டாள்.

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் பட்ட ஓரத்திலிருந்து தண்ணீர் பளிச்சென்று தெளிந்துகொண்டே போனது. எண்ணெய் பரவிப் பரவி, அந்த மங்கலை முன்னால் தள்ளியது, கூட்டத்தை ஒரு மூலைக்கு ஒதுக்குவதுபோல. எதிர்ப்பக்கம் அது கரும்பழுப்பாக இறுகிப் படிந்தது. மதினி அழுகையை நிறுத்தினாள். "ஏய் நாத்தனா, அசையாத" என்றாள், தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல். வலையை எதிர்ப்பக்கம் இறக்கி, எண்ணெய் எட்டாத இடத்தில் ஏந்தி எடுத்தாள்.

ஆடி முடியுமுன் படம் வந்தது. வலையின் ஒரு துளையைக்கூடத் திறந்து விடாமல் ஏடு விரிந்து நின்றது, அடியில் தாங்க ஒன்றுமில்லாமல். என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். நானும் சிரித்தேன். அண்ணன் எஸ்டேட் வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான்.

போனவர்கள் போனவர்கள்தான். தொலைபேசியில் குரல் வருகிறது. அங்கே ஓரத்தில் எண்ணெய் விட்டுத் தள்ளுவதற்கென்றே தனிக்கருவி இருக்கிறதாம். "நீ வாடி ஒரு தடவ" என்கிறாள். நான் தேனியைத் தாண்டுவதே அபூர்வம். எதிரில் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் யாராவது இருவர் ஓயாமல் பேசிக்கொண்டு போனால் மட்டும், தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா பெருமை பேசுவாள்: "எம் மருமக இம்புட்டுத் தூரம் போனது யாரால? நான் வச்ச எண்ணெயில!" எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். போன மாதம் அப்படி வந்தவர்களை வழியனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"வேணாம் வேணாம்னுதானே சொன்னா அவ. நான் அவ பேச்சக் கேட்டிருந்தா, மேகமலையோட நின்னிருப்பாகல்ல?"