இடது காதில் துரு

மெயின் ஸ்விட்ச்

மூன்றாவது பாட்டின் நடுவில் மண்டபத்துக் காவலாளி ஓடிவந்து மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டார். இந்தத் தொழிலில் பாட்டு சரியாக வந்தால் கரண்டு போகும். சரியாக வராவிட்டால் ஆட்கள் போவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்டு போனது. ஆட்களும் பாதிப் பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள்.

குணாவும் நானும் சேர்ந்தால் 'துரு'. இரண்டே பேர். கிட்டார் கிடையாது, தபேலா கிடையாது. குணா கிள்ளான் துறைமுகத்தில் குளிர்பதனக் கண்டெய்னர்களைப் பழுது பார்க்கிறவன். கம்ப்ரசர் மூச்சு வாங்குவது, கண்டெய்னர் கதவு அறைந்து சாத்துவது, ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது கத்துவது என்று அவன் போனில் பிடித்துக்கொண்டு வரும் சத்தங்களை நான் கணினியில் வெட்டி அடுக்கித் தாளமாக்குவேன். அதற்கு மேல் அவன் மைக்கில் உறுமுவான். இண்டஸ்ட்ரியல் இசை என்பார்கள். வீட்டில் டிரம் பழகுகிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் வரிசை நமக்கு மனப்பாடம்.

பகலில் எனக்கு வேறு வேலை. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. இயந்திரப் பகுதிக்குள் போகிறவர்களுக்குக் காதடைப்பான் கொடுப்பதும், அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிபவர்களைத் திட்டுவதும் என் பொறுப்பு. சனி ஞாயிறில் அதே இரைச்சலை நான் காதில் எதுவும் போடாமல் கேட்பேன். இரண்டு வேலைகளையும் ஒரே ஜோடிக் காது தாங்காது என்பது பின்னால்தான் தெரிந்தது. இதை எழுதுவதே அதனால்தான்.

காவலாளி டார்ச்லைட்டோடு மேடை ஏறினார். என் மேசைக்கு அடியில் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"நல்ல வேளை தங்கச்சி, நான் பக்கத்துல இருந்தேன். இல்லாட்டி கட்டடமே எரிஞ்சிருக்கும்லா."

திரு

கிள்ளானில் ஒரு குடியிருப்பாளர் சங்கத்தின் குடும்ப தினம். சங்கத்தின் செயலாளர் குணாவோடு வேலை செய்கிறவர். எங்கள் பாட்டைக் கேட்காமலேயே அழைத்துவிட்டார். நிகழ்ச்சி நிரலை அச்சடித்தவர் நல்ல மனிதர். 'துரு' என்று ஓர் இசைக்குழுவுக்குப் பேர் இருக்காது, எழுத்துப்பிழை என்று நினைத்து, யாரிடமும் கேட்காமல் 'திரு' என்று திருத்தியிருந்தார்.

அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "அடுத்து நம்மை மகிழ்விக்க வருகிறார் திரு..." என்று தொடங்கி நின்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பரிசுக் குலுக்கல் விவரம் இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பி, "திரு..." என்றார். மேடை ஓரத்தில் குணா, "அதான், அதான், அவ்வளவுதான்" என்று கையைக் காட்டினான். அவர் அதை 'இழுத்துப் பேசுங்கள்' என்று புரிந்துகொண்டு, திருவாளரின் இசைப்பணியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். அந்தத் திருவாளரைச் சந்திக்க எனக்கே ஆசையாக இருந்தது.

நாங்கள் வாசித்தது நாலு நிமிடம். அந்தக் காலத்தில் எங்கள் பாட்டில் மெட்டு என்று எதுவும் இருக்காது. கண்டெய்னர் கதவு மட்டும் சீராக அறையும். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை மட்டும் கை தட்டியது. அறிவிப்பாளர் மெதுவாக மேடைக்கு வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"திரு அவர்களுக்கு நன்றி. பேரைப் போடாததுக்குக் காரணம் இப்பதான் புரியுது."

எத்தனை மணிக்கு

இரண்டு வருஷம் இரும்பையே கேட்ட பிறகு குணாவுக்குச் சலித்துவிட்டது. "கொஞ்சம் தோல் சத்தம் வேணும் மாலா," என்றான். அடுத்த வாரமே கொண்டுவந்தான். கிள்ளானில் ஜாமில் மாட்டியிருந்தபோது எங்கோ முன்னால் மேளம் கேட்டிருக்கிறது. முன்னால் நின்ற லோரி மறைத்ததால் எதையும் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் போனை நீட்டிப் பிடித்துவிட்டான். அருமையான சத்தம். நான் அதில் நாலு நொடியை வெட்டி, வேகத்தைக் குறைத்து, கம்ப்ரசர் மூச்சுக்கு மேல் சுழலவிட்டேன். எங்கள் இசை அன்றுதான் வளர்ந்தது என்று இருவரும் நம்பினோம்.

அதை முதலில் வாசித்தது குணாவின் அத்தை மகளுடைய இருபத்தோராவது பிறந்தநாளில். இருபத்தொன்று ஆனவர்களுக்கு இங்கே வழக்கமாகக் கொடுக்கும் அட்டைச் சாவி, அவள் உயரத்துக்கு வெள்ளித்தாள் ஒட்டி, மேடையில் சாய்த்து வைத்திருந்தது. தாளம் தொடங்கி நாலாவது சுற்றில் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எனக்கு ஒரே பெருமை. நம் இசைக்கு எழுந்து நிற்கிறார்கள். அத்தை கையில் கேக் வெட்டும் கத்தியோடு குணாவைப் பார்த்த பார்வையில்தான் சந்தேகம் வந்தது. பாட்டை நிறுத்தவும் பயம், தொடரவும் பயம். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். குறைத்ததும் அது இன்னும் தெளிவாக அதுவாகவே கேட்டது.

அந்த நேரம் பார்த்துத் தாமதமாக ஒரு அங்கிள் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று காது கொடுத்தார். எல்லாரும் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தார். பரிசுப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு அருகில் இருந்த என் பக்கம் குனிந்தார்.

"எத்தனை மணிக்கும்மா எடுக்கிறாங்க?"

பட்டன்

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் தொழிற்சாலைக்குக் காது பரிசோதிக்கும் வேன் வரும். உள்ளே சத்தம் புகாத சின்ன அறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சத்தம் கேட்டதும் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். ஆண்களுக்கு அந்த வேன் என்றால் ஏனோ கூச்சம். ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றார்கள். "பயப்பட என்ன இருக்கு? பாருங்க, நான் முதல்ல போறேன்," என்று ஏறினேன்.

வலது காது முதலில். மெல்லிய கீச்சுகள், ஒவ்வொன்றுக்கும் அழுத்தினேன். சில கீச்சுகள் எங்கள் இரண்டாவது ஆல்பத்தில் இருப்பவை. அப்புறம் கண்ணாடிக்கு அப்பால் கருவியை இயக்கிக்கொண்டிருந்த பெண் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். நான் தலையாட்டிவிட்டு, தொடங்கட்டும் என்று காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன். ஏதோ கருவிக் கோளாறு போல, பாவம், புதுப் பெண் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சிரிப்பு வேறு சிரித்து வைத்தேன்.

அவள் வந்து கதவைத் திறந்தாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, சத்தம் கேட்டா பட்டனை அழுத்தணும்லா. தூங்கிட்டீங்களா?"

நாய்

இடது காதில் மெல்லிய சத்தங்கள் விழாது, கீச்சென்ற மேல் சத்தங்கள் அறவே போய்விட்டன, திரும்பி வராது என்று மருத்துவர் சொன்னார். வலதையாவது பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் குணாவிடம் சொல்லவில்லை. அந்தச் சமயம் பெட்டாலிங் ஜெயாவில் மூன்று பையன்கள் அவனைத் தங்கள் குழுவுக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நல்ல காதுகள். 'துரு'வில் கேட்டு வெட்டி அடுக்குகிறவள் நான். கேட்கிறவளுக்கே கேட்காது என்றால் அவன் இங்கே எதற்கு இருக்க வேண்டும்? சொன்னால் மறுநாளே போய்விடுவான் என்று நினைத்தேன். அல்லது பாவம் பார்த்து இருப்பான். இரண்டாவதை நினைத்தால்தான் அதிகம் வலித்தது.

அதனால் மூன்றாவது ஆல்பத்தில் இடப்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் கீச்சுகளை நான் தூக்கிக்கொண்டே போனேன். எனக்குக் கேட்கும்வரை தூக்கினேன். கலவையை முதல் முறை கேட்டபோது குணா ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு தண்ணீர் குடித்தான். இணையத்தில் ஒருவர் அந்த ஆல்பத்தைப் பற்றி நீளமாக எழுதினார். இடப்பக்கத்தின் கூர்மை தற்செயலானதல்ல, கேட்பவனின் சொகுசைக் குலைக்கும் துணிச்சல் என்பது அவர் கட்சி. நான் அதை மூன்று முறை படித்தேன். என் காதைப் பற்றி யாரும் இவ்வளவு உயர்வாக எழுதியதில்லை.

எங்கள் பயிற்சி அறை பண்டமாரானில் ஒரு டயர் கடைக்கு மாடியில். கடை நாய் நட்டு கழற்றும் காற்றுத் துப்பாக்கிகளின் நடுவே வருஷக்கணக்காகத் தூங்கிப் பழகியது. எதற்கும் கண் திறக்காது. புது ஆல்பத்தைப் போட்டால் மட்டும் எழுந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்புறம் போய்ப் படுத்துக்கொள்ளும். டயர் மாற்றும் மணியம் அதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு ஒருநாள் படியேறி வந்தார்.

"அக்கா, இந்தப் பாட்டு மனுசனுக்கா, நாய்க்கா? நாங்க ஒண்ணும் சொல்லல. அதுதான் ரொம்ப சங்கடப்படுது."

மோனோ

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. கடையில் கூட்டம், இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்ததில் குணா என் இடப்பக்கம் வந்துவிட்டான். மேலே மின்விசிறி, பக்கத்தில் தட்டுச் சத்தம். அவன் இலையைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டான். ரசம் வாளி எங்களை நெருங்கிக்கொண்டிருந்ததால், ரசத்தைத்தான் கேட்கிறான் என்று முடிவு செய்தேன்.

"ம், தாராளமா. எனக்குப் போதும்," என்றேன்.

அவன் கை சோற்றிலேயே நின்றது.

"போதும்னா?"

"போதும்னா போதும். வயிறு நெறைஞ்சிருச்சு. நீ ஊத்திக்கோ."

"எதை ஊத்திக்கோ?"

"ரசத்தை."

குணா என்னை நேராகத் திரும்பிப் பார்த்தான். "நான் கேட்டது ரசத்தை இல்ல. அந்தப் பசங்க மறுபடி கூப்பிடுறாங்க, போகட்டுமான்னு கேட்டேன்."

அதற்கு மேல் மறைக்க வழியில்லை. வேன், பட்டன், மருத்துவர், இடப்பக்கத்தைத் தூக்கியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாயை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், அதையும் சொன்னேன். பாதுகாப்பு அதிகாரி என்ற இடத்தில் மட்டும் அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டான். இனி என்னை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, நீ போ, என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைக் கணவன் மனைவி என்று எண்ணி வேறு பக்கம் பார்த்தார்கள்.

குணா அவசரப்படவில்லை. மோரைக் குடித்தான். இலையைத் தன் பக்கமாக மடித்தான். எழுந்து, கை கழுவப் போகாமல், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலப்பக்கம் நின்றான்.

"அப்ப மோனோல போவோம். ஸ்டீரியோ அந்தப் பசங்ககிட்ட இருக்கட்டும்லா."

ஒரே சத்தம்

இப்போது எங்கள் பாட்டில் இடம் வலம் இல்லை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம். கீச்சுகளை எல்லாம் எடுத்துவிட்டோம். கீழ்ச் சத்தங்கள்தான், மெதுவாக, ஒன்றன்மேல் ஒன்றாக. எனக்கு மேசையில் உள்ளங்கையை வைத்தால் பாதி தெரிந்துவிடுகிறது. நானும் காதடைப்பான் போட்டுக்கொள்கிறேன். துருவுக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள் சிலர். பக்குவம் வந்துவிட்டது என்கிறார்கள் சிலர். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள், அவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

புதுப் பாட்டுகளை முதலில் வாசித்தது கிள்ளானில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். நான் முந்திய இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மோனோவில் முடியவில்லை என்றால் இதோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும், குணாவுக்கும் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடத்து ஒலிக்காரர் இடப்பக்க ஸ்பீக்கருக்குப் போய்க் காது கொடுத்தார். வலப்பக்கத்துக்கு ஓடினார். மறுபடி இடப்பக்கம். நாலாவது ஓட்டத்தில் மூச்சு வாங்கியது.

"பாஸ், ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வருது. ஒயர் தப்பா குத்தியிருக்கு."

"தப்பா இல்ல, அதான் பாட்டு," என்றான் குணா.

ஒலிக்காரர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அவர் ஒயர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, கைகளைப் பேண்டில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"சரிலா, உங்க ஸ்டைலு. ஆனா யாராச்சும் கேட்டா, குத்தினது நான் இல்லன்னு சொல்லிடுங்க."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, இந்தத் தொழிலில் முதலில் ஊர் காதைப் பொத்திக்கொள்ளும், ஊருக்குப் பழகிவிட்ட பிறகு நம் காது பொத்திக்கொள்ளும் என்பதுதான்.

ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒலிக்காரர் கட்டை விரலைக் காட்டினார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வாயால் நாலு எண்ணித் தொடங்கிவைக்கிற குணா, அன்று மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு, காலிலிருந்த சப்பாத்தின் முனையால், நான் உள்ளங்கை பதித்திருந்த மேசையின் காலை நாலு முறை தட்டினான்.